ஒரு மணி நேரம் ஓடட்டும்

மருந்துக்கடைக் கம்ப்யூட்டர் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் ஹார்ட் டிஸ்கின் பூட் செக்டார் கெட்டிருந்தது. அதாவது, எங்கிருந்து கிளம்புவது என்று அதற்கே தெரியவில்லை. உள்ளேயிருந்த கேமராப் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்தப் பதிவுக்காகத்தான் தையல்காரி காலையிலிருந்து என் பக்கத்திலேயே நின்றாள். இருபத்தாறு நாளைக்கு முன்னால், இந்தக் கடைக்கு எதிரே, அவள் தம்பியை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆள் அங்கேயே முடிந்துவிட்டான். லாரி நம்பரை யாரும் பார்க்கவில்லை, கடை வாசல் கேமராவைத் தவிர. அப்படி ஒரு கேமரா இருப்பதே அவளுக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

"அண்ணே, கிடைச்சிடுமா?"

"கிடைக்கும்மா. சும்மா நச்சரிச்சுக்கிட்டு நிக்காத."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோளுக்குப் பின்னால் யாராவது நின்றால் கை ஓடாது. பென் டிரைவிலிருந்து கிளப்பி, கெட்டுப்போன இடத்தைப் புதிதாக எழுதி, மறுபடி போட்டேன். திரை வந்துவிட்டது. அப்பாடா! வாசல் கேமராவும் தானாக ஓடத் தொடங்கியது.

"முதல்ல அந்தக் காலையைப் பாத்துடலாமே அண்ணே."

"ஒரு மணி நேரம் ஓடட்டும். ஓட்டிப் பாக்காம எதையும் நான் ஒப்படைக்கிறதில்ல. தொழில் தெரிஞ்சவன் நானா, நீயா?"

இருபது வருஷப் பழக்கம். பெருமையாகவே சொல்லிவிட்டு எதிர்ச்சாரிக்கு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து தேதியைத் தேடினேன். இருந்தது. ஆனால் அந்த நாள் எட்டேகாலுக்குத்தான் தொடங்கியது. லாரி வந்தது ஏழே முக்காலுக்கு. எட்டேகால் படத்தில் சாலை நடுவே ஒரே கூட்டம். யாரோ துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்க் நிறைந்திருந்தது. நிறைந்துவிட்டால், இருப்பதிலேயே பழையதை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதும் அந்தக் கேமரா சாஃப்ட்வேர். இருந்ததிலேயே பழைய நாள் அதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இந்தத் தெருவில் பாதிக் கடைக்கு அதைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தவரை அவள் தம்பியின் காலை பத்திரமாக இருந்தது. பாவி நான், உயிர் கொடுத்து அழித்தேன்.

"அழிஞ்சதை எடுக்க முடியாதா அண்ணே?"

"மேல எதுவும் எழுதாம இருந்தா எடுக்கலாம்மா."

"மேல என்ன எழுதியிருக்கு?"

அவளே மௌஸைப் பிடித்துக் கடைசிப் பதிவைத் திறந்தாள். எதிர்ச்சாரியில் நான் டீயும் கையுமாக நிற்கிறேன். யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறேன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த ஒரு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்தாள்.