ஊதத் தெரிந்தவர்

ஆலை வெடித்த பிறகு, ஆண்டுக்கொருமுறை ஆய்வுக்குழு வந்து பாய்லர்காரரின் நுரையீரலை அளந்தது. அவர் கதவைத் தட்டுகிறவர்கள் அவர்கள் மட்டுமே. இந்த முறையும் ஆய்வுத் தலைவர் சுவாசத்தின் மகத்துவம் பற்றி வாசலிலேயே சொற்பொழிவை ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் குழாயை நீட்டினாள்.

"போன வருஷம் ஜன்னல் அதிர ஊதினீங்க பெரியவரே. இந்தத் தடவையும் நல்லா ஊதினா, இனிமே வரமாட்டோம்."

அவர் மெல்ல ஊதினார்.

"என்னங்க, காபி ஆத்துறீங்களா?"

"வயசாச்சில்ல."

"வீட்ல வேற யாராவது இருமுறாங்களா?"

"இரும ஆளிருந்தா நான் ஏம்மா இப்படி ஊதறேன்?"

நர்ஸ் குழாயைத் துடைத்தாள். "இன்னும் தேறல சார். அடுத்த வருஷமும் வரணும்."

தலைவர் முகம் மலர்ந்தது. ஆய்வுக்கு ஒரு நோயாளி மிச்சம்.

கார் போனதும் பாய்லர்காரர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஜன்னல் அதிர விட்டார். கேட்க யாருமில்லை.