இன்ஜின் ஆறும்வரை

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சொன்ன நேரத்துக்குப் போகக்கூடாது என்பது என் அண்ணனின் கொள்கை. அவன் படகு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக். மற்ற எதற்கும் அவன் நேரத்துக்கு வந்ததில்லை. என் கல்யாணத்துக்கே பந்திக்குத்தான் வந்தான். ஆனால் டீசல் வண்டி பார்ப்பதென்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பான்.

"விக்கிறவன் நாம வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருவான். சூடா இருக்கறப்ப எல்லா டீசலும் நல்ல டீசல்தான். குளிர்ந்து கெடக்கறப்ப எழுந்திரிக்குதான்னு பாக்கணும்" என்பான்.

எனக்கு இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. எனக்கு வேண்டியது ஆறடி மனிதர் ஒருவர் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகக்கூடிய வண்டி. அந்த ஆறடி மனிதர் என் வீட்டுக்காரர்.

அவர் பஸ் டிரைவர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து பஸ் முழுவதோடும் ஓயாமல் பேசியவர். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் நிற்க முடிந்தது, பிடித்துக்கொண்டால் பத்தடி நடக்க முடிந்தது, உட்கார மட்டும் முடியவில்லை. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டி வந்தால் மெல்ல மெல்ல உட்கார வைத்துவிடலாம் என்றார் டாக்டர். இரண்டு தடவை ஆம்புலன்ஸில் கொண்டு போனோம். இரண்டு தடவையும் தெருவே வாசலுக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"உயிரோட இருக்கறப்பவே துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க. இனிமே அதுல ஏற மாட்டேன்" என்றார். அதுதான் அவர் கடைசியாக முழுசாகச் சொன்ன வாக்கியம். அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் "ம்", மாத்திரை கொடுத்தாலும் "ம்". உடம்பு பழையபடி வருமா வராதா என்பதைவிட அந்த "ம்" என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. நான் துணி தைக்கிறவள். மெஷின் சத்தம் நின்றால் வீட்டில் என் மூச்சுதான் எனக்குக் கேட்டது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சந்துக் கடைசியில் இருந்த ஒரு வீட்டுக் கொட்டகைக்கு முன்னால் நானும் அண்ணனும் போய் நின்றோம். உள்ளே கரும்பச்சை நிறத்தில் பழைய ஸ்டேஷன் வேகன். கூரையில் பெயிண்ட் வெளுத்திருந்தது. பின்பக்கம் டிக்கி என்று தனியாக எதுவும் இல்லாமல் கடைசிவரை ஒரே கூடாக நீண்டிருந்தது. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தேன். பார்த்ததுமே அதை மனசுக்குள் வாங்கிவிட்டேன்.

அண்ணன் பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான்.

வண்டிக்காரர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்தார். ஓய்வு பெற்ற சர்வேயர் என்று போனில் சொல்லியிருந்தார். "ஒம்பது மணின்னுதானே சொன்னீங்க?" என்றார்.

"பானெட் சுடுது சார்" என்றான் அண்ணன்.

"அதுவா... காலை வெயில்ல நின்னுச்சு."

அண்ணன் கொட்டகையின் கூரையை அண்ணாந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "வாம்மா போலாம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறாரு."

எனக்கு வந்த ஆத்திரம் அந்தச் சர்வேயர் மேலா, அண்ணன் மேலா என்று தெரியவில்லை. பத்து வண்டி பார்த்து, பத்தையும் அண்ணன் இப்படித்தான் தட்டிக்கழித்திருந்தான். நான் சர்வேயரிடம் சாவியை வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"சூடா இருந்தா ஆறட்டும். ஆறுற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்றேன்.

"முழுசா ஆற மத்தியானம் ஆயிடும்மா" என்றார் சர்வேயர்.

"ஆகட்டும்."

கடன் வசூலிக்க வந்தவர்கள் மாதிரி நாங்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். அவர் பானெட்டைத் திறந்துவிட்டு, மிச்ச முகத்தைச் சிரைக்கப் போனார். போகிற வழியில் நாற்காலிகள் போட்டார். அப்புறம் டீ வந்தது. வீட்டுக்கு வந்த சண்டைக்காரர்களுக்கு டீ கொடுப்பதா வேண்டாமா என்று உள்ளே கொஞ்ச நேரம் பேச்சு நடந்ததும் கேட்டது.

அண்ணன் சும்மா இருக்கிற ஆளில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் அங்கங்கே தட்டினான். "துரு இருக்கு, ஓட்டை இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டே வெளியே வந்தான். குற்றம் கண்டுபிடிக்க முடியாத வருத்தம் அவனுக்கு.

நான் பின்கதவைத் திறந்தேன். அதைத் தாங்கும் கம்பிகள் செத்துப்போயிருந்ததால் சர்வேயர் ஒரு துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்தார். பின்சீட்டின் ஒரு பாதியை மடக்கிவிட்டு இஞ்ச் டேப்பை எடுத்தபோதுதான் உறைத்தது. போனில் அண்ணன் ஆயில் கேட்டான், பெல்ட் கேட்டான், புகை கேட்டான். வண்டி எதற்கு வாங்குகிறோமோ அந்த நீளத்தை இருவருமே கேட்கவில்லை. அவருக்குப் பேண்ட் தைத்து, சட்டை தைத்து, அவர் உடம்பின் ஒவ்வொரு அளவும் எனக்கு மனப்பாடம். ஒரு சாண் குறைந்தது.

"முன்சீட்டை முன்னால தள்ளுங்க" என்றார் சர்வேயர். தள்ளினேன். ஆள் போக நான்கு விரற்கடை மிச்சம் இருந்தது.

"அளக்கற கம்பு வைக்கத்தான் இத வாங்கினேன், நீளம் எனக்குத் தெரியாதா? நீங்க யாருக்கும்மா அளக்கறீங்க?"

சொன்னேன். ஆம்புலன்ஸ், தெரு, "ம்" எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெயில் இல்லம்மா" என்றார். "நான்தான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். காலைல எழுந்திரிக்கவே மாட்டேங்குது. இன்ஜின் முடிஞ்சு போச்சு, எடைக்குப் போடுங்கன்னு எங்க மெக்கானிக் சொல்லிட்டான். வேற யாராவதுன்னா வித்திருப்பேன். படுத்திருக்கற மனுஷன நடுவழியில நிறுத்திட்டா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். சாவியக் குடுத்துட்டுப் போய்ட்டு வாங்க."

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காலையிலிருந்து போகலாம் போகலாம் என்றவன் இப்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "புகை என்ன நெறம் சார்?"

"வெள்ளை."

"எழுந்தப்புறம்?"

"புகை அஞ்சு நிமிஷத்துல நின்னுடும். அப்புறம் நாள் பூரா சமர்த்தா ஓடும்."

"அப்படியா" என்றான் அண்ணன். "ஆறட்டும்."

மத்தியானம் அவன் மறுபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சாவி கேட்டான். முதல் தடவை இன்ஜின் முக்கியது, குலுங்கியது, படுத்துவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. சர்வேயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மூன்றாம் தடவை நொண்டிக்கொண்டே எழுந்தது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. அது கரைவதற்குள் நொண்டலும் நின்று, சத்தம் சீராகிவிட்டது. அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒயரும் பல்பும் வைத்து எதையோ ஒவ்வொன்றாகத் தொட்டான். ஒரு இடத்தில் மட்டும் பல்பு எரிந்தது.

"ஹீட்டர் பிளக் சார். குளிர்ந்த இன்ஜினுக்கு அதுதான் சூடு குடுக்கணும். நாலுல மூணு செத்துப் போச்சு, ஒத்த ஆளு அடுப்பு மூட்டிட்டிருக்கு. இன்ஜின் கல்லாட்டம் இருக்கு."

"அவ்வளவுதானா?" என்று நானும் சர்வேயரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சர்வேயர் தொப்பென்று உட்கார்ந்து, "நல்லாயிருக்கற உசுருக்கு நான் சங்கு ஊதப் பாத்தேனே" என்றார். இனி விலையை ஏற்றிவிடுவாரோ என்று அண்ணன் என்னைப் பார்த்தான். அதைக் கவனித்த சர்வேயர், "சொன்ன விலைதான்யா, முறைக்காதீங்க" என்று சிரித்தார்.

புது பிளக்குகள் மாட்டிய மறுநாள் காலை, பனியில் நனைந்து கிடந்த வண்டி சாவியைத் திருப்பியதும் எழுந்தது. மெத்தையை விரித்து, நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை நடத்தி வந்து படுக்க வைத்தோம். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன, குடும்பத்தோட டூரா?" என்றாள். அவள் முகம் தொங்கவில்லை. அவர் அதற்கும் "ம்" என்றார்.

மடக்காத பாதி சீட்டில் அண்ணன் மூன்றாக மடங்கி உட்கார்ந்தான். நான் ஓட்டினேன். முதல் திருப்பம் போயிற்று, கடைத்தெரு போயிற்று. பின்னால் சத்தமே இல்லை. இதுவும் பலிக்கவில்லை, கட்டிலைத் தூக்கி வண்டிக்குள் போட்டதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டே மேட்டில் ஏறினேன்.

"ரெண்டாவது கியர்லயே எவ்வளவு தூரம் போவ?"

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்ஜின் கத்துறது காதுல விழல? மூணு போடு. போட்டுட்டு கிளட்ச்லேர்ந்து கால எடு. அது என்ன, கால் வைக்கற மணையா? மச்சான், இவளுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?"

"நீங்கதான் மாப்ளே கத்துக் குடுத்தீங்க" என்றான் அண்ணன்.

"நான் இப்படியா கத்துக் குடுத்தேன்? கண்ணாடியப் பாரு. லாரி வர்றான், வழி விடு. ஹாரன் எதுக்கு இருக்கு, அழகுக்கா?"

எனக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். இந்த மனிதரிடம் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று கல்யாணமான நாளில் யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

அடுத்த சிக்னலில் நின்று கிளம்பினேன். சாலை காலியாக இருந்தது. மூன்றாவது போட வேண்டிய இடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. போடவில்லை. இன்ஜின் கத்தியது. பின்னாலிருந்து அவரும் கத்தத் தொடங்கினார்.