கிணற்றடியில் காய்த்த பெயர் தெரியாத பழம்

பழத்தைத் தின்று முடித்த பிறகுதான் கனகலதாவுக்குப் பயம் வந்தது.

செங்கம் சாலையில் அந்த வாடகை வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோதே, கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் அந்தக் கொடி தலை காட்டியிருந்தது. யாரும் விதைத்ததாகத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முருங்கையில் ஏறிச் சுவரையும் மூடிவிட்டது. மூன்று விரல் விரித்ததுபோல் இலை. வெள்ளைப் பூவின் நடுவே ஊதா நூல்கள் சிலந்திக் கால்களாய்ப் பரந்து நிற்கும். இப்போது எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் பழங்கள் தாமாகவே உதிர்ந்தன. அவற்றின் வாசனை சமையலறை வரைக்கும் வந்து அவளைக் கூப்பிட்டது.

அவளுக்கு ஐந்தாம் மாதம். போன தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இந்தத் தடவை நாக்கு புளிப்புக்கு அலைந்தது. மாமியார் தர்மவதி மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில், ஒரு பழத்தைக் கல்லில் தட்டி உடைத்தாள். உள்ளே தவளை முட்டைபோல வழுவழுவென்று கறுப்பு விதைகள். புளிப்பு கண்ணைச் சுருக்கியது. ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டாள்.

பெயர் தெரியாத பழத்தை வாயில் வைப்பதில்லை என்பது அந்தச் சமண வீட்டின் விரதம். பிறந்த வீட்டில் அவளும் அப்படித்தான் வளர்ந்தாள்.

தோலை எறியப் போனபோது பக்கத்து வீட்டு ஆராயி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அது, எட்டிப்பழம் கணக்கா இருக்குது? எங்க ஊர்ல ஒருத்தி அதத் தின்னுட்டுதான் போய்ச் சேந்தா."

சொல்லிவிட்டு வாளியோடு போய்விட்டாள்.

கனகலதா அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்தாள். நாக்கின் ஓரம் மரத்ததுபோல் இருந்தது. நிஜமாகவே மரத்ததா, நினைப்பா? படித்த மொழிபெயர்ப்பு நாவல்களிலெல்லாம் விஷம் இப்படித்தான் தொடங்கியது, இனிப்பான எதிலோ. வயிற்றில் கை வைத்தாள். காலையில் இரண்டு முறை துள்ளிய பிள்ளை இப்போது அசையவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் படுத்துப் பார்த்தாள். தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அசையவில்லை.

பள்ளிக்கூட வேலை முடிந்து கணவன் சீவகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, அவள் மாமியாரின் காலடியில் அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தினி தின்ன?" என்றாள் தர்மவதி.

"ஒண்ணுதான் அத்த."

"வாந்தி வருதா?"

"இல்ல. ஆனா நாக்கு மரத்த மாதிரி இருக்குது. புள்ளயும் அசையல."

தர்மவதி திட்டவில்லை. அதுதான் கனகலதாவை இன்னும் நடுங்கவைத்தது.

"எட்டி மரமாச்சே, கொடியிலயா காய்க்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு பழத்தை இலையோடு பறித்து மகன் கையில் திணித்தாள். "வீட்டுக்காரர் கோதண்டராமனக் கேளு. பேரு தெரியாம திரும்பி வராத. பொழுது சாயறதுக்குள்ள வா."

சமண விரதப்படி பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் தண்ணீர்கூடத் தொண்டைக்குள் போகாது. முருங்கை நிழல் கிணற்றைத் தாண்டி நீண்டுகொண்டிருந்தது.

சைக்கிள் மறைந்ததும் தர்மவதி கீழே கிடந்த இன்னொரு பழத்தை எடுத்தாள். உடைத்தாள். கனகலதா கையைப் பிடிப்பதற்குள் உறிஞ்சி விழுங்கிவிட்டாள்.

"அத்த, இன்னா பண்றீங்க?"

"உனக்கு எதாவது ஆவறதா இருந்தா, இது இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்ல. நீ சொல்ற மாதிரி நாக்கு மரக்குதா பாப்போம்."

இருவரும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். தர்மவதியின் உதடுகள் மந்திரம் சொல்லி அசைந்தன. சாலையில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கனகலதா எழுந்து எட்டிப் பார்த்தாள். எல்லாம் வேறு யாருடைய சைக்கிள்களோ.

"மரக்கலடி," என்றாள் தர்மவதி கடைசியில். "பல்லுதான் கூசுது."

வெயில் சுவரின் உச்சியை விட்டு விலகும் தறுவாயில் சீவகன் மூச்சிரைக்க வந்தான்.

"தாட்பூட் பழமாம்மா. முன்ன இங்க குடியிருந்த வெள்ளைக்காரம்மா கொடைக்கானல்லேருந்து கொண்டாந்து விதை போட்டதாம். வீட்டுக்காரரே தின்னிருக்காராம். கொடைக்கானல்ல கடையில விக்குதாம்."

"தாட்பூட்டா? இது ஒரு பேரா?" தர்மவதி முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னொரு பழத்தை உடைத்து மருமகளிடம் நீட்டினாள். "ம், தின்னு. இன்னும் வெளிச்சம் இருக்குது. இப்ப தெரிஞ்ச பழம்தான்."

பெயர் வந்தும் பயம் போகவில்லை. வாங்கி உறிஞ்சினாள். புளிப்பு உச்சந்தலைவரை ஏறியது. காத்திருந்தாள். மறுபடியும் காத்திருந்தாள். தொப்புளுக்குக் கீழே, உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது.

அவள் மாமியாரின் கையை இழுத்து அங்கே வைத்துக்கொண்டாள். தர்மவதி வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நாளைக்கு நான் உபவாசம்," என்றாள் பிறகு. "பேரு தெரியறதுக்கு முந்தியே தின்னவளாச்சே."

"நானும்தான அத்த தின்னேன்?"

"வயித்துப்புள்ளக்காரி பட்டினி கெடப்பியா? உன்னுதும் சேத்து நான் இருந்துடறேன்." எழுந்து சேலையை உதறினாள். "சீவகா, கயிறு கொண்டா. முருங்கைய அமுக்குது பாரு இந்தத் தாட்பூட்டு. ஒரு பந்தல் போட்டு அதுல இழுத்துக் கட்டு. ஒரு காயும் சேதமாவக் கூடாது."