வெல்டரின் எட்டுக் கரண்டி

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மசித்த உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிய ஒரு வெல்டரின் கதை சொல்கிறேன். சிரிக்காதீர்கள், அவனுக்கு இரும்பை உருக்குவது அதைவிட லேசு.

நுரையீரலில் சளி கட்டி, பத்தொன்பது நாள் மூச்சு இயந்திரத்தில் கிடந்தான். தொண்டையில் விட்டிருந்த இயந்திரக் குழாயை எடுத்தபோது மூச்சு திரும்பியிருந்தது, விழுங்கத்தான் மறந்துபோயிருந்தது. மூக்கு வழியாக வேறொரு குழாய் விட்டு உணவு இறக்கினார்கள். ஆள் பாதியாகிவிட்டான்.

விழுங்கப் பயிற்சி தருகிறவளை வார்டில் டீச்சர் என்பார்கள். அவள் கறாராகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சோதனை. சரியா விழுங்கலேன்னா வயித்துல துளை போட்டுக் குழாய் வைக்கணும்."

"ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிறவன் நான்," என்றான் கரகரத்த குரலில். "எனக்கே ஓட்டையா?"

செவ்வாய்க்கிழமை தங்கை வந்தாள். அண்ணனின் வெடித்த உதட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் மனைவி துணி அலசப் போன நேரத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டாள். அவன் இருமக்கூட இல்லை. மறுநாள் காய்ச்சல் கொதித்தது. சோதனை பத்து நாள் தள்ளிப்போயிற்று.

"பச்சத் தண்ணிதானே அண்ணி! சோறா போட்டேன்?" என்று அழுதாள்.

"தண்ணிதாம்மா பொல்லாதது," என்றாள் டீச்சர். "தொண்டை சுதாரிக்கிறதுக்குள்ள ஓடி நுரையீரல்ல இறங்கிடும். இருமல் வராததால யாருக்கும் தெரியாது. கெட்டியா இருந்தா மெதுவா நகரும்."

அண்ணி திட்டவில்லை. "இனிமே நீதான் காவல், நாத்தனாரே. டம்ளரோட ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

அவ்வளவுதான். தரை துடைக்க வந்தவளின் வாளியைக்கூடத் தங்கை முறைத்தாள். அவனோ, தாடையை நெஞ்சில் ஒட்டி, வெறும் எச்சிலையே நாளுக்கு நூறு தரம் விழுங்கிப் பழகினான்.

சோதனை நாளன்று மனைவி உருளைக்கிழங்கில் வெண்ணெயும் முட்டையும் சேர்த்து மசித்திருந்தாள். உள்ளே போவது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டுமே! டீச்சர் கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். ஒழுகாமல் கட்டியாக விழுந்தது. எட்டுக் கரண்டி சரியாக இறங்கினால் தேர்ச்சி.

ஒரு வாய், இரண்டு விழுங்கல், பிறகு தொண்டையில் ஏதும் தங்கவில்லை என்று காட்ட ஓர் "ஆ". ஆறாவது கரண்டியில் குரல் களகளத்தது. டீச்சர் கையை இழுத்துக்கொண்டாள். அவன் விரலை உயர்த்தி நிறுத்தினான். செருமினான். முகம் சிவக்க மறுபடி விழுங்கினான். "ஆ." சுத்தமாக வந்தது.

எட்டாவதும் இறங்கியது.

"வயித்துல துளை வேண்டாம்," என்றாள் டீச்சர். "வயிறு நிறையச் சாப்பிடப் பழகுற வரைக்கும் மூக்குக் குழாய் இருக்கட்டும்."

"இருக்கட்டும்," என்றான் அவன். "அந்தக் கிண்ணத்தை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, ஒவ்வொரு வாய்ச் சோறும் போகவேண்டிய வழியே போய் உடம்பில் ஒட்டட்டும். முடியாத நாளில் பொறுமையாக ஊட்ட ஒரு கை பக்கத்தில் இருக்கட்டும்.