சோடா உப்பு டப்பாவில் ஒரு கோடு

நான்காவது தங்கமீன் சனிக்கிழமை காலை வயிறு மேலாக மிதந்தது. மூன்று வாரத்தில் நான்கு. அவன் அதை வலையில் அள்ளிச் செய்தித்தாளில் சுற்றினான். மாமியார் எழுவதற்குள் அப்புறப்படுத்திவிட நினைத்தான். ஆனால் அவர் எழுந்து கதவோரம் நின்றிருந்தார்.

"இன்னொண்ணா தம்பி?"

"ஆமா அத்தை."

"பாவம்" என்றார். இரண்டே எழுத்து கூடுதலாகச் சொல்லியிருந்தால்கூட அவன் சந்தேகப்பட்டிருக்க மாட்டான்.

தொட்டி அவன் மனைவியுடையது. அவள் இறந்து இரண்டு மாதம். அவளுடைய துணிமணிகளை மாமியார் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். மிஞ்சியது இந்த ஏழு மீன்கள்தான். "தொட்டிய யாரும் தொடக்கூடாது" என்று அவன் அன்றைக்கே சொல்லிவிட்டான். மாமியார் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தால் எங்கோ உதைத்தது.

தொட்டியின் பக்கவாட்டில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. காலையில் ஒரு சிட்டிகை தீனி. ஞாயிறு, சோடா உப்பு கால் ஸ்பூன், கரைத்து ஊற்றவும். அவன் அதை அச்சுப் பிசகாமல் செய்துவந்தான், வீடு தூங்கும் நேரத்தில். யாராவது பார்த்தால் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள்.

ஞாயிறு விடிந்ததும் கால் ஸ்பூன் எடுத்தான். டப்பாவைத் தட்டிச் சமன்செய்து, மிச்சம் நிற்கும் இடத்தில் பேனாவால் மெல்லிய கோடு போட்டான். அவன் வேலை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. நூலளவு வித்தியாசமும் அவன் கண்ணுக்குத் தப்பாது.

திங்கள் காலை உப்பு கோட்டுக்குக் கீழே இருந்தது.

"சோடா உப்பு குறைஞ்சிருக்கே அத்தை?"

"பாத்ரூம் தொட்டி கழுவினேன் தம்பி." அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பாத்ரூம் தொட்டியை அவன் போய்ப் பார்த்தான். பாசி அப்படியே இருந்தது.

மகள் பொருள் ஒன்றும் மருமகன் வீட்டில் மிஞ்சக்கூடாது என்று நினைக்கிறாரா? அப்படி நினைக்கிறவர் ஏன் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறார்? ஐந்தாவது மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் படபடவென்று அடித்தது. அதுவும் போய்விட்டால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தான். ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு மீன் கடைக்குப் போனான்.

கடைக்காரர் சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை விட்டு, இரண்டு சொட்டு மருந்து போட்டுக் குலுக்கினார். நிறம் மாறியது. உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சார் போட்டீங்க?"

"வாரம் கால் ஸ்பூன் சோடா உப்பு. அது விஷமா?"

"விஷமெல்லாம் இல்ல. அளவா போட்டா நல்லதுதான். ஆனா தண்ணில கழிவு தேங்கியிருக்கும்போது காரத்த ஏத்துனா அந்தக் கழிவே விஷமாயிடும். தீனி எத்தன தடவ?"

"ஒரு தடவ."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் ஒரு தடவதான் சார் போடுறாங்க. மீனுங்கதான் தானா குண்டாயிடுது." சிரித்தார். "இது ரெண்டு கை விழுந்த தண்ணி. சோடாவும் அப்படித்தான். கால் ஸ்பூனுக்கு இவ்வளவு ஏறாது. மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. சோடா வேணாம். ரெண்டு நாள் மீனுக்குப் பட்டினி."

வழியெல்லாம் அந்த ஒரு சொல்லே கூட வந்தது. ரெண்டு கை.

வீட்டில் மாமியார் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை, உண்மைய சொல்லுங்க. தொட்டியில நீங்க ஏதாவது போடுறீங்களா?"

அவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் கேக்க வேண்டியத நீங்க கேக்குறீங்க. போன ஞாயித்துக்கிழம பொழுது விடிய ஏதோ வெள்ளையா கரைச்சு ஊத்துனீங்க. நான் பாத்தேன். மீன் செத்தா அவ ஞாபகம் போயிடும், நிம்மதியா இருக்கலாம்னுதானே?"

அவன் விரலால் சீட்டைக் காட்டினான்.

மாமியார் சீட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"அத நான்தான செய்றேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நீங்க ஆஸ்பத்திரில அவகூட இருந்த நாலு மாசமும் நான்தானே பாத்தேன். நீங்க குளிக்கப் போனதும் போடுவேன். தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு..."

"காலைல தீனியும்?"

"தீனியும்."

இருவரும் ஒரே சீட்டைப் படித்து, ஒரே பிடிவாதத்தோடு, ஒருவருக்கொருவர் ஒளிந்து நான்கு மீன்களைக் கொன்றிருந்தார்கள்.

அவன் வாளியை எடுத்தான். அவர் ரப்பர் குழாயைப் பிடித்தார். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினார்கள்.

மறுநாள் காலை ஐந்தாவது மீன் நிமிர்ந்து நீந்தியது. கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பசிக்குது போல" என்றார் மாமியார். "தம்பி, நீங்க எதுவும் போடலியே?"

"இல்ல. நீங்க?"

"சத்தியமா இல்ல."

அவன் குளிக்கக் கிளம்பினான். கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தான். மாமியார் தீனி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பிக்கை இல்லைன்னா கையோட எடுத்துட்டுப் போங்க" என்று டப்பாவை நீட்டினார்.

அவன் வாங்கிக்கொண்டு போனான்.