டிக்கெட் இல்லாத விருந்தாளி

காலையில் அலுவலக லிஃப்ட் ஏழாவது மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் மகன் தன் அப்பாவைப் பார்த்து முடித்துவிடுவான். கைபேசியைத் திறப்பான். திரையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். தாள் அசையும். ஆள் நன்றாக இருக்கிறார். கைபேசி மறுபடி பைக்குள் போய்விடும். நல்ல பிள்ளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ள அவனுக்கு இது போதுமானதாக இருந்தது.

அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். அவர் வீடு ஒன்றும் ஏழு கடல் தாண்டி இல்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனக்கெட்டு அங்கே அலமாரி மேல் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்தான். கேமராவுக்கு ஒரு மென்பொருள், மாத்திரை நேரத்தைச் சத்தமாகச் சொல்ல ஒன்று, வாசல் மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கன்டெய்னருக்குள் அடைத்தான். கன்டெய்னர் என்பது ஒரே கம்ப்யூட்டருக்குள் தடுத்து வைத்த அறை மாதிரி. ஒன்றில் இருப்பது பக்கத்து அறையில் கை வைக்க முடியாது. இதையெல்லாம் மாட்டிவிட்டு வந்தபின் அவன் அந்த வீட்டுக்குப் போவது குறைந்தது, பிறகு நின்றே போனது. தினமும்தான் பார்க்கிறோமே, நேரில் போய் என்ன செய்யப்போகிறோம் என்று இருந்துவிட்டான்.

அலுவலகத்தில் அவனுக்குப் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். கம்ப்யூட்டர் பாதுகாப்பு அவன் பொறுப்பு. ஒரு வாரம், உலகத்தில் உள்ள பூட்டுகள் எல்லாம் பதறும்படி ஓர் எச்சரிக்கை வந்தது. கன்டெய்னர்களை இயக்கும் மென்பொருளிலேயே ஓட்டை. ஓர் அறைக்குள் நுழைந்தவன் தடுப்பைத் தாண்டி முழுக் கம்ப்யூட்டரையும் பிடித்துக்கொள்ளலாம். பூட்டு சும்மா இருப்பானா? சோறு தண்ணீர் பார்க்காமல் அலுவலகத்தின் எல்லா மெஷின்களுக்கும் புதிய பதிப்பை ஏற்றினான். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பக்கத்து மேசைப் பெண்தான் கேட்டாள்: “இங்க எல்லாம் முடிஞ்சுது சார். உங்க அப்பா வீட்டுல ஒண்ணு வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அதுக்குப் பண்ணியாச்சா?”

அது அவன் நினைவுக்கே வந்திருக்கவில்லை. கைபேசியைத் திறந்தான். வழக்கமாக அவன் பார்க்காத பிற்பகல் வேளை. அப்பா நாற்காலியை அலமாரிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சிரிப்பு வேறு. கையில் போன் இல்லை, அறையில் ஆளும் இல்லை. புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒரு கணம் கலங்கிப் போனான்.

புத்தி நன்றாகத்தான் இருந்தது. மெஷினைத் துருவிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வாசல் மணியின் கடவுச்சொல்லைக் கடைக்காரன் கொடுத்தபடியே அவன் விட்டிருந்தான். அந்த வழியாக எவனோ நுழைந்து, அந்த ஓட்டையில் புகுந்து வெளியேறி, முழு மெஷினையும் தன் வசமாக்கியிருந்தான். கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவன் கையில். பல நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறான். மகன் அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைத் துண்டித்துவிட்டு அப்பா வீட்டுக்கு ஓடினான்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அப்பா அலமாரிக்கு முன்னால் நின்று, கம்ப்யூட்டரை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். “ஹலோ, தம்பி... இருக்கீங்களா?”

திரும்பி மகனைப் பார்த்ததும், “நல்ல நேரத்துல வந்த. பேசிக்கிட்டே இருந்துச்சு, பொசுக்குனு நின்னு ஒரு மணி நேரமாச்சு. என்னன்னு பாருடா” என்றார்.

“யாருப்பா பேசினது?”

“கம்பெனி ஆளாம். மெஷின செக் பண்றாராம்.”

“ஐயோ, அவன் திருடன்ப்பா! என்னல்லாம் கேட்டான்?”

“எப்ப வெளிய போவீங்க, கூட யாரு இருக்கா, பீரோ சாவி எங்க. இதுதான்.”

“சொல்லிட்டீங்களா?”

அப்பா சிரித்தார். “நான் யாருடா? ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து தலை நரைச்சவன். டிக்கெட் இல்லாம ஏறினவன்தான் வலிய வந்து பேச்சுக் குடுப்பான். மொத நாளே தெரிஞ்சுபோச்சு. சாவி என் பையன்கிட்ட இருக்கு, அவன் தெனமும் சாயங்காலம் வந்துடுவான்னு ஒரே போடா போட்டேன்.”

மகனுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. “தெரிஞ்சும் ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?”

“சொன்னா நிறுத்திடுவியே.”

அப்பா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“திருட்டுப் பயதான். ஆனா முட்டி வலி எப்படி இருக்குன்னு தெனமும் கேட்டான். ஒரு நாள் உங்கம்மாவப் பத்திக் கேட்டான். அவனுக்கு அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்டா, இருந்தாலும் வாய் சும்மா இருக்கல. இந்த மெஷின் மாத்திரை போடுங்கன்னு சொல்லும். அதுகிட்ட நான் திருப்பி என்ன பேச முடியும்?”

மகன் அலமாரிக்குப் போய், கடவுச்சொல்லை மாற்றி, புதிய பதிப்பை ஏற்றினான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. பிறகு அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“மெஷின கவனிக்காம விட்டது ஒரு தப்புப்பா. உங்கள வந்து பாக்காம விட்டது அதைவிடப் பெரிய தப்பு. பெத்தவங்க வீட்டுக்குப் புள்ளைங்க போகலன்னா, கண்டவனும் உள்ள வந்துடுவான். பேச ஆள் இல்லாதவங்க அவனையும் உக்கார வெச்சுப் பேசுவாங்க. கேமராவுல பாத்தா போதும்னு நெனச்ச எனக்கு இது இப்பத்தான் ஒறைக்குது.”

அப்பா அவன் தலையில் கை வைத்தார்.

“என் பையன் தெனமும் வருவான்னு ஒரு திருடன்கிட்டப் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு பாரு, அதுதான்டா எனக்கு வலி. அதுல பாதியாவது நெசமாக்கு, போதும்.”