தூரமோ?

கடலுக்குப் புறப்படுகிற நீக்கிலாப்பிள்ளையிடம் "எங்கை போறியள்?" என்று யாரும் வாய் தவறிக் கேட்டுவிடக் கூடாது. "தூரமோ?" என்றுதான் கேட்க வேண்டும். "எங்கை" என்று கேட்டுவிட்டால் போச்சு. மனுசன் முகத்தை நீட்டிக்கொண்டு திரும்பி வந்து, கதிரையில் உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சிலுவை போட்டுக்கொண்டுதான் மறுபடி குருநகர்க் கரைக்கு இறங்குவார்.

கனடாவிலிருந்து வந்த மகன் ஜெரிசன், காலமாகிவிட்ட அப்பாவின் இந்தக் கூத்தை இரண்டு கிழமையாக நடித்துக் காட்டி, அக்கா ஜெயகௌரியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"சும்மா விசர்க்கதை, அக்கா. நல்ல காலம், உது அப்பாவோடை போயிட்டுது."

ஜெயகௌரி ஓம் என்று தலையாட்டி வைத்தாள்.

இன்று அவனை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வந்து வாசலில் ஹோன் அடித்தது. பெட்டியோடு படி இறங்கியவனிடம், போகிற இடம் நன்றாகத் தெரிந்த ஜெயகௌரி கேட்டாள்:

"தம்பி, எங்கை போறாய்?"

ஜெரிசன் அப்படியே நின்றான். அக்காவை ஒரு முறை முறைத்தான். பிறகு திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அப்பாவின் கதிரையில் இருந்தான்.

"தண்ணி தா."

"இரு, கொதிக்கட்டும்" என்று ஜெயகௌரி கேத்தலை அடுப்பில் வைத்தாள்.